பார்த்த தேதி, கேட்ட தேதி, போட்ட தேதி

போன வியாழக்கிழமை காலை பாலை அடுப்பில் வைத்துவிட்டுத் திரும்பினேன், கைபேசி அடித்தது. கௌசல்யா பேசினாள். "சார், செசிலி டீச்சர் போயிட்டாங்க" என்றாள். அவளே தொடர்ந்து, "காலைல அஞ்சே முக்காலுக்கு. நான் பக்கத்துலதான் இருந்தேன்" என்றாள். அழுகையை அடக்கிக்கொண்டு நேரத்தைச் சரியாகச் சொன்ன இந்தப் பெண் எங்கள் பள்ளியில் படித்தவள். அவளைப் பற்றிப் பின்னால் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

செசிலி டீச்சரைத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மரக்காணம் உப்பளங்களை ஒட்டி இருக்கும் ஒரு ஈராசிரியர் தொடக்கப் பள்ளியில் நான் தலைமையாசிரியர், அவர் உதவி ஆசிரியர். தலைமை தாங்க எனக்குக் கிடைத்த ஒரே ஆள் அவர்தான். அவரும் என் தலைமையை ஏற்றுக்கொண்டதாக ஞாபகம் இல்லை. பெரிய முதலியார்சாவடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். குள்ளமான உருவம். மெல்லிய குரல். தோல் செருப்பு உப்பு மண்ணில் ஆறு மாதம் தாங்காது என்று தெரிந்துகொண்டு, வந்த முதல் வாரமே ரப்பர் செருப்புக்கு மாறிவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "லீவு கிடைக்கல" என்பார்.

அவர் வேலையில் சேர்ந்த இரண்டாம் நாளே எங்களுக்குள் முட்டிக்கொண்டது. தினமும் காலையில் கரும்பலகையின் மூலையில் தேதி எழுதுவது என் வழக்கம். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று எனக்கே ஒரு பெருமை உண்டு. அன்று எழுதிவிட்டு அறைக்குள் போய்த் திரும்பி வந்தால் தேதியைக் காணோம். டீச்சர் அழித்திருந்தார். கேட்டதற்கு, "நீங்க எழுதினா பசங்க பார்த்து எழுதுவாங்க சார். அவங்களா கண்டுபிடிக்க மாட்டாங்க" என்றார். நேற்று வந்த டீச்சர் எனக்குப் பாடம் எடுக்கிறாரே என்று கோபம் வந்தது. மூன்றாம் வகுப்புக்குள் போய், இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டேன். ஜனவரி, பிப்ரவரி என்று பன்னிரண்டு மாதத்தையும் ராகம் போட்டுப் பாடின பிள்ளைகள், இந்தக் கேள்விக்கு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் வெளியே வந்தேன்.

மறுநாள் ஒரு தினசரி காலண்டர் வகுப்புக்கு வந்தது. அதைப் பிள்ளைகளின் கைக்கு எட்டுகிற உயரத்தில் ஆணியடித்து மாட்டினார். வேண்டாம், குரங்குக் கையில் பூமாலை கொடுத்த கதையாகிவிடும் என்று எச்சரித்தேன். என் வாக்கு பலித்தது. நாலாவது நாள் ஒரு பயல் ஐந்து தாள்களைச் சேர்த்துக் கிழித்துவிட்டான். கிழித்தால்தான் நாள் போகும் என்பது அவன் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை சீக்கிரம் வரட்டும் என்று கிழித்திருக்கிறான். நான் பிரம்பைத் தேடினேன். டீச்சர் அவனை வாசலுக்கு அழைத்துப்போய், ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டதா, பார்த்துச் சொல் என்றார். அவன் உப்பளத்தைப் பார்த்தான், ரோட்டைப் பார்த்தான், சத்துணவுக் கூடத்துப் புகையைப் பார்த்தான். "வரல டீச்சர். சோறு ஆவுது" என்றான். மதியம் அந்தச் சோற்றுப் பருக்கையைத் தடவியே ஐந்து தாள்களையும் அவன் திரும்ப ஒட்டினான். காலண்டர் நாளைக் கொண்டு வருவதில்லை, வந்த நாளைக் காட்டுகிறது என்பதை அந்த வகுப்பு அதற்குப் பிறகு மறக்கவில்லை.

மாதக் காலண்டரில் இடம் போதாத மாதங்களில் இருபத்து மூன்றையும் முப்பதையும் ஒரே கட்டத்தில் குறுக்கே கோடு போட்டு அச்சடித்திருப்பார்கள். ஒரு பெண் அதைக் காட்டி, இது இரண்டு நாளா, அரை அரை நாளா என்று கேட்டாள். நானாக இருந்தால் அதிகப்பிரசங்கி என்று தலையில் குட்டியிருப்பேன். டீச்சர் கத்தரிக்கோலை எடுத்து அந்தக் கட்டத்தை வெட்டி, முப்பதை மட்டும் தனியாகக் கீழே ஒரு வரிசையில் ஒட்டினார். "இடம் இல்லாம ஒண்டிக்கிட்டு இருந்துச்சு. இப்ப தனி வீடு கட்டிக் குடுத்துட்டோம்" என்றார். ஒரே அறையில் இரண்டு குடும்பம் இருக்கிற வீட்டிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு அது உடனே புரிந்தது.

உப்பளத்து ஜனங்களுக்குத் தேதி வேறு மாதிரி. பாத்தி மிதிக்கும்போது, முதல் உப்பு வாரும்போது, கடைசி உப்பு அம்பாரத்தை மழைக்கு மூடக் கீற்று போடும்போது என்றுதான் அவர்களுக்கு வருடம் நகரும். ஆஸ்பத்திரியில் பதினேழாம் தேதி ஊசிக்கு வாருங்கள் என்றால் தலையாட்டிவிட்டு வந்துவிடுவார்கள். பதினேழு தானாக வந்து கூப்பிடுமா? டீச்சர் ஜனவரி மாதம் கடைவீதியில் நகைக்கடை, ஜவுளிக்கடை என்று ஒன்று விடாமல் ஏறி இறங்கி இலவசக் காலண்டர் வாங்கி வருவார். வீட்டுக்கு ஒன்று. அம்மாவுக்குச் செக்கப் என்றைக்கு, தம்பிக்குச் சொட்டு மருந்து என்றைக்கு, ரேஷன் என்றைக்கு என்று பிள்ளைகளே வட்டம் போட வேண்டும். வட்டம் போட்ட நாளுக்கு இன்னும் எத்தனை நாள் என்பதைத் தினமும் சாயங்காலம் வீட்டில் சொல்ல வேண்டும். அதுதான் வீட்டுப்பாடம். பெரியவர்கள் ஏழு வயதுப் பிள்ளையிடம் நாள் கேட்டுப் போகிற நிலைமை வந்தது.

வருடம் முடிந்த காலண்டர்களை அவர் எறிய மாட்டார். ஒரு அரிசி மூட்டைக்குள் போட்டு என் பீரோவின் மேல் ஏற்றி வைத்திருந்தார். ஊரில் கேட்டு வாங்கின பழைய காலண்டர்களும் அதில் சேர்ந்தன. பீரோ முழுக்கக் கரப்பான். பழைய பேப்பர்காரனுக்குப் போடப்போகிறேன் என்று மாதம் ஒருமுறை மிரட்டுவேன். அடுத்த வாரம் போடலாம் சார் என்பார். அந்த அடுத்த வாரம் எந்தக் காலண்டரிலும் இல்லை.

அந்த மூட்டை எதற்கு என்று மூன்றாம் வகுப்பில் பிறந்தநாள் பாடம் தொடங்கியபோதுதான் தெரிந்தது. இங்கே என் குட்டை நானே உடைக்க வேண்டும். எங்கள் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்தால் பக்கம் பக்கமாக ஜூன் ஒன்று, ஜூன் ஒன்று என்றே இருக்கும். பெற்றவர்களுக்குத் தேதி தெரியாது. சான்றிதழும் இருக்காது. பள்ளிக்கூடம் திறக்கிற நாளில் ஐந்து வயது முடிந்ததாக நானே ஒரு தேதி போட்டுவிடுவேன். என்னைப் போல எத்தனையோ தலைமையாசிரியர்கள் போட்டிருப்பார்கள். ஊரில் பாதிப் பேர் ஒரே நாளில் பிறந்ததைப் பற்றி எந்த அதிகாரியும் என்னிடம் கேட்டதில்லை.

டீச்சருக்குத் தேதியில் மூன்று வகை உண்டு. பார்த்தவர் அன்றே எழுதி வைத்தது பார்த்த தேதி, பின்னால் விசாரித்துத் தெரிந்துகொண்டது கேட்ட தேதி, என்னைப் போன்றவர்கள் இட்டு நிரப்பியது போட்ட தேதி. பிள்ளைகளிடமும் இதைச் சொல்லிக் கொடுத்திருந்தார். பிறந்தநாள் பாடத்தில் பிள்ளைகள் வீட்டில் போய் விசாரித்து வருவார்கள். நான் பிறந்தது உப்பு வாரும்போதா, மழையிலா? அமாவாசைக்கு முன்னாலா, பின்னாலா? அதே சமயத்தில் பிறந்த பக்கத்து வீட்டுப் பிள்ளை யார்? வந்த பதில்களை வைத்துக்கொண்டு, மூட்டையிலிருந்து அந்த வருடத்துக் காலண்டரை எடுத்துத் தரையில் விரித்து, அமாவாசைப் புள்ளியிலிருந்து விரலால் எண்ணித் தங்கள் நாளைத் தேடுவார்கள். சிலருக்குக் கிடைக்கும், சிலருக்குக் கிடைக்காது. கிடைக்காதவர்களிடம் டீச்சர் எந்தத் தேதியையும் சமாதானத்துக்குச் சொல்ல மாட்டார். எனக்கு அது கொஞ்சம் கல்நெஞ்சமாகத் தோன்றும். ஒரு தேதியைச் சொல்லி மிட்டாய் கொடுத்தால் பிள்ளை சிரித்துக்கொண்டு போகுமே என்பேன்.

கௌசல்யாவுக்குக் கிடைத்தது. அவள் அம்மா சொன்ன குறிப்பு இதுதான்: அம்பாரத்துக்குக் கீற்று போட்டு முடிப்பதற்குள் மழை வந்து உப்பு பாதி கரைந்துபோன அன்று இவள் பிறந்தாள், மறுநாள் அமாவாசை. அந்த மழையை உப்பளத்தில் யாரும் மறந்திருக்கவில்லை. எந்த வருடம் என்று மேஸ்திரி சொன்னார். காலண்டரை விரித்தார்கள், அது புரட்டாசி அமாவாசைக்கு முந்தின நாள், அக்டோபர் மாதம். அந்தப் பெண் தன் நோட்டின் மேல் அட்டையில் பேருக்குக் கீழே அதை எழுதிக்கொண்டாள்.

டீச்சர் அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். பதிவேட்டில் இருந்ததற்கும் இதற்கும் ஒரு வருடம் நாலு மாதம் வித்தியாசம். எனக்கு உடனே ஞாபகம் வந்தது. அக்காவைச் சேர்க்க வந்த அம்மா, சின்னவளை உப்பளத்தில் எங்கே விடுவது சார் என்று கண் கலங்கினாள். நாலு வயதுகூட ஆகாத பிள்ளைக்கு ஐந்து முடிந்ததாக எழுதி இருவரையும் ஒன்றாகச் சேர்த்தேன். நல்லது செய்கிறோம் என்ற நினைப்புதான். திருத்தலாமா சார் என்று டீச்சர் கேட்டார். ஒன்றைத் திருத்தினால் மற்ற ஜூன் ஒன்றுகளுக்கு யார் பதில் சொல்வது, சும்மா இருக்கிற சங்கை ஊதிக் கெடுக்காதீர்கள் என்று அனுப்பிவிட்டேன். அவர் சண்டை போடவில்லை. ஒரு நீள நோட்டில் பிள்ளைகளின் பேர், கண்டுபிடித்த தேதி, அதைச் சொன்னது யார் என்று எழுதி வைத்துக்கொண்டார்.

பத்துப் பதினோரு வருடம் ஓடியது. நான் ஓய்வு பெற இன்னும் சில மாதங்கள்தான் இருந்தன. ஆடி மாதம் ஒருநாள் பள்ளி விட்ட பிறகு டீச்சர் கௌசல்யாவை அழைத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். நடுவில் இரண்டு வருடம் படிப்பு நின்று, திரும்பச் சேர்ந்து, அவள் அப்போது மரக்காணத்தில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பா ஆவணியில் முகூர்த்தம் குறித்துப் பத்திரிகை அடித்துவிட்டார். அவளுக்கு விருப்பமில்லை. படிக்க வேண்டும் என்று அழுதிருக்கிறாள், அவர் கேட்கவில்லை. அவளே துணிந்து புகார் சொல்லி, அதிகாரிகள் வீட்டுக்கு வந்து விசாரித்தார்கள். பள்ளிச் சான்றைப் பார்த்தார்கள். அதன்படி அவளுக்குப் பதினெட்டு முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. வயது சரியாகத்தானே இருக்கிறது என்று திரும்பிப் போய்விட்டார்கள்.

அந்தப் பெண் என் மேஜைக்கு முன்னால் நின்றாள். "சார், எனக்குப் பதினாறு முடிஞ்சு பத்து மாசம்தான் ஆவுது. நான் கணக்குப் பண்ணிப் பார்த்துட்டேன். நீங்க எழுதினதுலதான் பதினெட்டு ஆயிடுச்சு" என்றாள்.

குரலில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. அதனால்தான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. தப்பு செய்தவனுக்குக் கோபம் முந்திக்கொண்டு வரும். அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள், வீட்டுச் சண்டையை என் தலையில் கட்டப் பார்க்கிறீர்களா, ஓய்வு பெறுகிற நேரத்தில் என்னை விசாரணையில் மாட்டிவிடவா என்று கத்தினேன். டீச்சர் நான் முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு சொன்னார்: "உங்க மேல குத்தம் சொல்ல வரல சார். நீங்க நல்லதுக்குத்தான் போட்டீங்க. அது நல்லதா இருந்த காலம் முடிஞ்சுபோச்சு."

மறுநாள் காலையில் நான்தான் டீச்சருக்கு போன் செய்து, பிறப்புப் பதிவைத் தேடிப் பார்க்கலாம் என்றேன்.

மூவரும் சுகாதார நிலையத்துக்குப் போனோம். பிறந்த தேதி தெரியாமல் எந்தப் பதிவேட்டில் தேடுவது என்றார் அங்கிருந்த எழுத்தர். வீட்டில் பிறந்த பிள்ளைகளையும் நர்ஸ் வந்து பார்த்துப் பதிந்திருப்பார்கள், ஆனால் வருடக்கணக்கில் புரட்ட ஆள் இல்லை என்றார். டீச்சர் நீள நோட்டைத் திறந்து காட்டினார். இந்த வருடம், இந்த மாதம், அமாவாசையை ஒட்டி. எழுத்தர் உள்ளே போய்த் தூசி தட்டி ஒரு பதிவேட்டைக் கொண்டுவந்தார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பெண் குழந்தை, அம்மா பேர், அப்பா பேர், பிறந்த இடம் உப்பளக் கொட்டகை. தேதி மட்டும் நோட்டில் இருந்ததைவிட ஒருநாள் தள்ளி, அமாவாசை அன்றே இருந்தது. கௌசல்யா விசும்பி விசும்பி அழுதாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. டீச்சர் பேனாவை வாங்கி நோட்டில் பழைய தேதியை அடித்து, புதியதை எழுதி, பக்கத்தில் 'பார்த்தது' என்று குறித்த பிறகுதான் அவள் தோளில் கை வைத்தார்.

பள்ளிக்குத் திரும்பி அதிகாரிகளுக்கு நான் என் கைப்பட ஒரு கடிதம் எழுதினேன். எந்தச் சான்றும் பார்க்காமல் அந்தத் தேதியைப் போட்டவன் நானே என்று எழுதினேன். என் முத்துக் கையெழுத்து அன்று கோணல்மாணலாக வந்தது. அந்தக் கடிதமும் பிறப்புப் பதிவும் போன பிறகு அதிகாரிகள் மறுபடி வந்தார்கள். கல்யாணம் நின்றது. எனக்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோ வந்தது. பதில் கொடுத்தேன். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. நான் பயந்த அளவுக்கு என்னை யாரும் பொருட்படுத்தவில்லை என்பதுதான் உண்மை.

கௌசல்யா அப்பாவின் கோபம் முழுதும் டீச்சர் மேல் திரும்பியது. பத்திரிகை வைத்த வீடுகளுக்கெல்லாம் போய்க் கல்யாணம் நின்றதைச் சொல்லிவிட்டு வந்த மனிதர், அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. பள்ளி வாசலில் நின்று, "காலண்டர் கத்துக் குடுக்கறேன்னு என் பொண்ணக் கெடுத்துட்டீங்களே" என்றார். அடுத்த வாரம் டீச்சர் தானே உப்பளத்துக்கு நடந்து போனார். நானும் பின்னால் போனேன். வரப்பில் நின்று, கல்யாணமே வேண்டாம் என்று சொல்லவில்லை, இன்னும் ஒரு வருடம் இரண்டு மாதம் பொறுங்கள், அதற்குப் பிறகும் அவளைக் கேட்டுச் செய்யுங்கள் என்றார். அவள் அப்பா பலகையால் உப்பை வாரிக்கொண்டே இருந்தார், நிமிரவில்லை. டீச்சர் அந்த வெயிலில் ஒரு மணி நேரம் நின்றார். கடைசியில் அந்த மனிதர் தண்ணீர்க் குடத்தைக் காட்டி, குடித்துவிட்டுப் போங்கள் என்றார். அதற்கு மேல் அன்று அவரிடம் எதிர்பார்க்க முடியாது.

கௌசல்யா பிளஸ் டூ முடித்தாள், திண்டிவனத்தில் பட்டப்படிப்பு முடித்தாள், இன்று புதுச்சேரியில் ஒரு கண் மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். தனக்குப் பிடித்தவரை இருபத்து நாலு வயதில் மணந்தாள். அந்தக் கல்யாணத்தில் அப்பா டீச்சரை முதல் வரிசையில் உட்கார வைத்தார். என்னை இரண்டாம் வரிசையில் வைத்தார், அது சரிதான்.

எனக்கு நாலு வருடம் பிந்தி டீச்சர் ஓய்வு பெற்றார். விழா முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, ஓய்வு பெற்ற நாளாவது உங்கள் கணக்குக்குச் சரியாக இருக்கிறதா என்று கிண்டலாகக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "எனக்கும் போட்ட தேதிதான் சார்" என்றார். மூன்று வயதுபோல் இருக்கும்போது அவரை யாரோ கன்னியர் இல்லத்து வாசலில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். பள்ளியில் சேர்க்க ஒரு தேதி வேண்டும் என்று சிஸ்டர்கள் ஒன்றைப் போட்டார்கள். பெரியவளான பிறகு பல காலண்டர்களைப் புரட்டிப் பார்த்திருக்கிறார். கேட்டுச் சொல்ல ஒரு ஆளாவது இருந்திருந்தால் கண்டுபிடித்திருப்பேன் சார் என்றார். இத்தனை வருடம் கூட வேலை பார்த்தும் எனக்கு அது தெரியாது. கல்நெஞ்சம் என்று அவரை நினைத்ததற்காக அன்று வெட்கப்பட்டேன். மன்னிப்புக் கேட்க வாய் திறப்பதற்குள் பஸ் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மாலை கோயிலில் பூசை முடிந்து கல்லறைக்குக் கொண்டுபோனார்கள். பழைய மாணவர்கள் பெட்டியைத் தூக்கினார்கள். கௌசல்யாவின் அப்பா உப்பளத்திலிருந்து அப்படியே வந்து ஓரமாக நின்றார். அடக்கம் முடிந்ததும் ஃபாதர் இறப்புப் பதிவேட்டைத் திறந்தார். பேர், ஊர் என்று கேட்டுக்கொண்டே வந்து, பிறந்த தேதி என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தலைமையாசிரியருக்குத் தெரியாமல் இருக்குமா? அவருடைய பணிப்பதிவேட்டில் இருக்கும் அந்தத் தேதி எனக்கு மனப்பாடம். நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"தெரியாது, ஃபாதர்" என்றேன்.

"சர்வீஸ் ரெஜிஸ்டர்ல இருக்குமே?"

"இருக்குது. ஆனா அது யாரும் பார்த்து எழுதினது இல்ல. காலியா விட்டுடுங்க."

ஃபாதர் அந்தக் கட்டத்தைத் தாண்டி, இறந்த தேதியையும் நேரத்தையும் கௌசல்யாவிடம் கேட்டு எழுதிக்கொண்டார். அவள் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். அவளுக்குக் கீழே நானும் போட்டேன்.

டீச்சர், முப்பது வருட வேலையில் நான் ஒரு கட்டத்தையும் காலியாக விட்டதில்லை. உங்களுக்காகத்தான் முதன்முதலாக ஒன்றை விட்டுவிட்டு வந்திருக்கிறேன். நிம்மதியாகத் தூங்குங்கள்.